வலீமா முடிந்த பிறகு: எமது கலியாணக் குப்பை எங்கே போகிறது?

ஒரு கலியாண விருந்து முடிந்து, கடைசிப் பந்தியும் எழும்பிப் போன பிறகு மண்டபத்தின் பின்பக்கத்தில் குவிந்து கிடப்பதை மாப்பிள்ளை வீட்டாரும் பார்ப்பதில்லை, பெண் வீட்டாரும் பார்ப்பதில்லை. கறுப்புப் பைகளில் கட்டி வைக்கப்பட்ட சோறும், எலும்பும், பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல்களும், விரிப்பாகப் போட்ட பொலித்தீனும் மறுநாள் காலை உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போய்விடும். எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்து மக்களுக்கு இதற்கான விடை வெகுதூரத்தில் இல்லை. அட்டாளைச்சேனைப் பிரதேசத்தில் அஷ்ரப் நகரை அண்டிய பள்ளக்காட்டில் இருக்கிறது.

பள்ளக்காட்டுக் குப்பைமேடு 2022 ஜனவரியில் உலகளவில் பேசப்பட்டது. குப்பைக்குள் நின்று பிளாஸ்டிக்கை மென்று கொண்டிருக்கும் யானைகளின் படங்கள் அப்போது சர்வதேச ஊடகங்களில் வந்தன. அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று இறந்திருந்தன. இறந்த யானைகளின் வயிற்றைக் கீறிப் பார்த்த வைத்தியர்கள், உணவு சுற்றிய பொலித்தீனும் சமிபாடு ஆகாத வேறு கழிவுகளுமே பெருமளவில் இருந்ததாகவும் யானை வழமையாக உண்ணும் இலைதழைகளைக் காணவில்லை என்றும் சொன்னார்கள். அந்த இடம் 2008ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, ஒன்பது ஊர்களின் கழிவுகளைக் கையாள்வதற்காக அமைக்கப்பட்டது. மீள்சுழற்சி நடக்கவில்லை. 2014இல் மின்னல் தாக்கிச் சேதமான மின்வேலி திருத்தப்படவும் இல்லை. யானை உள்ளே வந்தது, வந்து பழகியது, பிறகு அயலிலுள்ள குடியிருப்புப் பக்கமும் நகர்ந்தது.

யானை ஏன் பொலித்தீனைத் தின்கிறது? அதற்கு பொலித்தீனில் ஆசை இல்லை. அதில் ஒட்டியிருக்கும் சோறும், உப்பும், எண்ணெயும், கறியுமே அதை இழுக்கின்றன. உணவும் பிளாஸ்டிக்கும் ஒரே பைக்குள் கட்டப்பட்டுப் போவதுதான் அங்கே கொல்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு எமது கலியாண மண்டபங்களின் பின்வாசலில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். புரியாணி மிச்சத்தை பொலித்தீன் விரிப்போடு சேர்த்துச் சுருட்டி, அதைப் பையில் போட்டு முடிச்சுப் போடுவதைவிட ஒரு யானைக்குப் பொருத்தமான பொறியை வேறு எவராலும் செய்ய முடியாது.

கிழக்கின் கதை மட்டும் என்று கொழும்பிலும் கண்டியிலும் உள்ளவர்கள் இதைக் கடந்து போக வேண்டாம். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று மீதொட்டமுல்ல குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரோடு புதைந்தார்கள். அதன் பிறகு கொழும்பின் குப்பையை புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டுக்கு அனுப்பும் திட்டம் முனைப்புப் பெற்றபோது, அதை எதிர்த்து 2018, 2019ஆம் ஆண்டுகளில் வீதியில் இறங்கியவர்களில் பெருந்தொகையானோர் புத்தளத்து முஸ்லிம்கள். கொழும்பு வரை வந்தும் குரல் எழுப்பினார்கள். அப்போது கொழும்பில் இருந்த எம்மவர்கள் பலர் முகநூலில் ஆதரவுப் பதிவுகள் இட்டார்கள். ஆனால் புத்தளத்துக்குப் போகக்கூடாது என்று சொன்ன அந்தக் குப்பையில் தமது வீட்டுக் கலியாணத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தவர்கள் குறைவு. அக்குறணை நகரம் மழைக்காலத்தில் அடிக்கடி வெள்ளத்தில் மூழ்குவதற்கு பிங்கா ஓயாவின் கரைகளை நெருக்கிக் கட்டியது ஒரு காரணம் என்றால், ஓயாவுக்குள் எறியப்படும் கழிவு இன்னொரு காரணம். ஆக, குப்பை எங்கோ போவதில்லை. எமது ஊருக்கோ எமது சகோதரர்களின் ஊருக்கோ போகிறது.

இந்த விடயத்தில் நாட்டின் சட்டம் நாம் நினைப்பதைவிட முன்னே நிற்கிறது. 2017 செப்டெம்பரில் வந்த வர்த்தமானி அறிவித்தல்கள் லஞ்ச் சீட்டையும், ரெஜிபோம் உணவுப் பெட்டிகளையும், 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனையும் மட்டும் தடை செய்யவில்லை. அரசியல், சமய, சமூக, கலாசார நிகழ்வுகளில் பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் அலங்காரத்துக்குப் பயன்படுத்துவதையும், பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதையும் அவை தடை செய்தன. 2023 ஒக்டோபர் முதல் ஒரு தடவை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, முள்ளுக்கரண்டி, உறிஞ்சுகுழாய், பிளாஸ்டிக் பூமாலை ஆகியவையும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. இந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு எமது ஊரின் ஏதாவது ஒரு கலியாண மண்டபத்துக்குள் நுழைந்தால், எத்தனைக்கு அடையாளம் போட வேண்டி வரும்? 2025 ஜனவரி முதலாம் திகதி அரசாங்கம் ஆரம்பித்த ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்திலும் வீதியையும் கடற்கரையையும் கூட்டுவதுதான் அதிகம் படத்தில் வருகிறது. விருந்து மண்டபத்தின் பின்வாசல் அதில் வருவதில்லை.

எமது சமூகத்தில் கலியாணத்தைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமில்லை. சீதனம் ஹராமா இல்லையா, மஹர் எவ்வளவு, பாட்டுப் போடலாமா, ஆணும் பெண்ணும் ஒரே மண்டபத்தில் இருக்கலாமா என்று மிம்பர்களில் பல தசாப்தங்களாகப் பேசப்படுகிறது. பேசத்தான் வேண்டும். ஆனால் வீண்விரயம் என்ற சொல் வரும்போது அதைப் பணத்தின் விரயமாக மட்டுமே நாம் விளங்கிக் கொள்கிறோம். உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்ற கருத்தில் அல்லாஹ் அல்குர்ஆனில் கட்டளையிடுவது உணவையும் பானத்தையும் பற்றியே. கீழே விழுந்த கவளத்தை எடுத்துத் தூசி தட்டி உண்ணவும், பாத்திரத்தை வழித்து உண்ணவும் கற்றுக் கொடுத்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். அந்த ஸுன்னத்தைக் குழந்தைகளுக்கு மத்ரஸாவில் சொல்லிக் கொடுக்கிறோம். அதே குழந்தை ஒரு வலீமாவில் கோழிக் காலை ஒரு கடி கடித்துவிட்டு வைப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை.

இங்கே சஹனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுற்றாடல் என்ற கண்ணோடு பார்த்தால் சஹனைப் போன்ற ஒரு ஏற்பாடு வேறெங்கும் கிடைக்காது. ஆறு பேருக்கு ஒரு தாலம். எறியும் தட்டு இல்லை, கரண்டி இல்லை, கழுவும் தண்ணீரும் குறைவு. உலகம் இன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடிக்க முயலும் ஒன்று எமது வாப்பாமாரின் வாப்பாமாரிடம் இருந்தது. ஆனால் அதை நாமே கெடுத்துக் கொண்டோம். தாலத்தின் நடுவே சோற்றைக் கோபுரமாகக் குவித்து, அதன் மேல் முழுக் கோழியும், ஆட்டிறைச்சியும், முட்டையும், கட்லட்டும், இரண்டு மூன்று வகைச் சம்பலும் வைத்தால்தான் மரியாதை என்று ஆகிவிட்டது. ஆறு பேரில் ஒருவர் நீரிழிவுக்காரர், ஒருவர் ஏற்கெனவே இன்னொரு கலியாணத்தில் சாப்பிட்டு வந்தவர், இருவர் சிறுவர்கள். கோபுரத்தின் பாதி அப்படியே நிற்கும். ஆறு பேரின் கை பட்ட சோறு என்பதால் அதை இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது.

ஒரு சாதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 600 பேருக்கு விருந்து என்றால் 100 சஹன். ஒவ்வொரு சஹனிலும் அரைக் கிலோ மிஞ்சினால் 50 கிலோ சமைத்த உணவு ஒரே பகலில் குப்பைக்குப் போகிறது. அரைக் கிலோ என்பது மிகைப்படுத்தலா என்பதைக் கடைசியாகப் போன கலியாணத்தின் சஹனை நினைவுபடுத்தி வாசகர்களே தீர்மானிக்கலாம். அந்த 50 கிலோவுக்குப் பின்னால் இருப்பது அரிசி மட்டுமல்ல. வயலுக்குப் பாய்ந்த தண்ணீரும், அறுத்த ஆடுகளும் கோழிகளும், எரித்த விறகும் எரிவாயுவும், சமையற்காரரின் ஒரு இரவுத் தூக்கமும் சேர்ந்தே போகின்றன. 2022இல் ஒரு சிலிண்டர் எரிவாயுவுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் நாம். அது நடந்து அதிக காலம் ஆகவில்லை.

இதற்கு மாற்று மிகச் சிறியது. சஹனில் முதலில் குறைவாக வைப்பது, கேட்பவருக்குப் பிறகு வைப்பது. சட்டியில் கைபடாமல் இருக்கும் சோறு மிஞ்சினாலும் அது உணவு. சஹனில் மிஞ்சினால் அது குப்பை. வித்தியாசம் அவ்வளவுதான். சமையற்காரர்கள் பலர் இதற்கு உடன்படத் தயங்குவார்கள். ஒரே தடவையில் வைத்து முடித்தால் அவர்களுக்கு ஆள் குறைவு, வேலை குறைவு. மறுபடி பரிமாற ஆள் வேண்டும். முன்பெல்லாம் அயல்வீட்டு வாலிபர்கள்தான் கலியாண வீட்டில் ஓடியாடிப் பரிமாறினார்கள். இப்போது அவர்களும் விருந்தாளிகளாக மேசையில் உட்கார்ந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். பெண்கள் பகுதியில் சிறுவர்களுக்கென்று சிறிய தாலம் தனியாக வைத்தால் பாதி விரயம் அங்கேயே நின்றுவிடும் என்பது பந்தி பரிமாறிய எந்தத் தாய்க்கும் தெரியும்.

சட்டியில் மிஞ்சுவதை என்ன செய்வது என்பது கலியாணத்துக்கு முதல் நாளே முடிவாக வேண்டிய விடயம். பிற்பகல் நான்கு மணிக்கு, எல்லோரும் களைத்துப் போன பிறகு, “யாருக்காவது குடுங்கோ” என்று சொன்னால் அது யாருக்கும் போய்ச் சேராது. எமது வெப்பத்தில் சமைத்த சோறும் இறைச்சியும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருந்தால் அதைத் தருமம் என்று கொடுப்பது தருமம் ஆகாது, நோயைக் கொடுப்பதாகிவிடும். எந்த மத்ரஸா, எந்த அநாதை இல்லம், எந்த வீதியில் எத்தனை வீடுகள், யார் கொண்டு போவது, எந்தப் பாத்திரத்தில் என்பதெல்லாம் அழைப்பிதழ் அச்சடிக்கும்போதே பேசி வைக்கப்பட வேண்டும். இன்னொரு விடயத்தையும் கசந்தாலும் சொல்லிவிடலாம். ஹோட்டல்களிலும் மண்டபங்களிலும் மிஞ்சும் உணவைப் பன்றி வளர்ப்போர் வந்து எடுத்துச் செல்வது இந்நாட்டில் புதிய வழக்கமல்ல. ஹலால் சான்றிதழ் பார்த்து, அறுத்தவர் யார் என்று விசாரித்துச் சமைத்த இறைச்சி கடைசியில் எங்கே போகிறது என்பதை விசாரிக்காமல் விடுகிறோம்.

தண்ணீர்ப் போத்தல் இன்னொரு கதை. 600 விருந்தாளிகளுக்கு ஆளுக்கு ஒன்று வைத்தாலே 600 போத்தல். பலர் ஒன்றைத் திறந்து இரண்டு மிடறு குடித்து வைத்துவிட்டு, கைகழுவி வந்து இன்னொன்றைத் திறப்பார்கள். பெரிய கொள்கலனில் வடிகட்டிய தண்ணீரும், எவர்சில்வர் குவளைகளும் வைத்தால் செலவு குறையும். ஆனால் “போத்தல் கூட வைக்கவில்லை” என்ற பேச்சு வருமே என்ற பயம் இருக்கிறது. கெண்டியும் படிக்கமும் கொண்டு வந்து, இருந்த இடத்திலேயே விருந்தாளியின் கையில் தண்ணீர் ஊற்றியதுதான் எமது பழைய மரியாதை. அதைவிடப் பெரிய உபசாரம் பிளாஸ்டிக் போத்தலில் இல்லை.

அலங்காரம், அழைப்பிதழ், உடை பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. ஒரு நாளைக்கு மட்டும் உடுத்தும் உடையை வாடகைக்கு எடுப்பதிலோ, சகோதரியின் கூறையை உடுத்துவதிலோ குறையேதும் இல்லை. பிளாஸ்டிக் பூவுக்குப் பதிலாகக் குருத்தோலை கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள். பெட்டி போன்ற தடித்த அழைப்பிதழை வாங்கியவர் அன்றைக்கே ஓரத்தில் வைத்துவிடுகிறார். திகதியையும் இடத்தையும் வட்ஸ்அப்பில்தான் பார்க்கிறார்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ‘பசுமைக் கலியாணம்’ என்ற பெயரில் புதிய சந்தை ஒன்றும் உருவாகி வருகிறது. இறக்குமதியான மூங்கில் கரண்டி, விலையுயர்ந்த பாளைத் தட்டு, ஒவ்வொரு விருந்தாளிக்கும் சாடியில் ஒரு செடி என்று அதற்கும் ஒரு ‘பெக்கேஜ்’ வந்துவிடும். அதையும் பார்த்துப் பார்த்து நடுத்தரக் குடும்பங்கள் கடன்படும். பிளாஸ்டிக்கை விட்டு மூங்கிலுக்கு மாறிவிட்டு, நான்கு மடங்கு சமைத்து எறிந்தால் எதுவும் மாறவில்லை. குறைப்பதுதான் முதல் வேலை. அழைப்போரின் பட்டியலைக் குறைக்க முடியாவிட்டாலும், வருவோரின் தொகையையாவது முன்கூட்டியே கேட்டு அறியலாம். ஒரு குடும்பத்துக்கு அழைப்பிதழ் கொடுக்கும்போது எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்பது எம்மிடையே மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்காததன் விலைதான் அந்த 50 கிலோ. பெண் வீட்டில் ஒரு விருந்து, மாப்பிள்ளை வீட்டில் ஒரு வலீமா, பிறகு நண்பர்களுக்கென்று இன்னொன்று என மூன்று தடவை அதே ஆட்களுக்குச் சமைப்பதை ஒன்றாக்கினால் விரயம் மட்டுமல்ல, பெண்ணைப் பெற்றவரின் தலைச்சுமையும் இறங்கும். பெண் வீட்டார் விருந்து போட வேண்டும் என்று மார்க்கம் எங்கும் கடமையாக்கவில்லை.

வலீமாவை மார்க்கம் தூண்டுகிறதே, ஒரு ஆட்டையாவது அறுத்து விருந்து கொடுங்கள் என்று நபியவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்குச் சொல்லவில்லையா என்று கேட்பார்கள். சொன்னார்கள். அதே நபியவர்கள் அன்னை ஸபிய்யா (ரழி) அவர்களை மணந்தபோது பேரீச்சம்பழமும், பாலாடைக் கட்டியும், நெய்யும் சேர்ந்ததே வலீமாவாக இருந்தது. இறைச்சியும் ரொட்டியும் அதில் இருக்கவில்லை. பயணத்தில் இருந்தார்கள், தோழர்கள் தம்மிடம் இருந்ததைக் கொண்டு வந்து ஒரே விரிப்பில் வைத்தார்கள். செல்வந்தர் அழைக்கப்பட்டு ஏழை விடப்படும் வலீமாவின் உணவே உணவுகளில் மோசமானது என்ற கருத்தில் வரும் ஹதீஸும் ஸஹீஹானது. எமது விருந்துகளில் அழைக்கப்படாத ஏழை மட்டுமல்ல, எமது விருந்தின் கழிவுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஏழையும் இருக்கிறார். பள்ளக்காட்டின் அயலில் வயல் செய்பவருக்கு வலீமாவின் அழைப்பிதழ் வருவதில்லை. அதன் மிச்சமும் அதைத் தேடி வரும் யானையும் மட்டும் வருகின்றன.

கொவிட் காலத்தில், 2020இலும் 2021இலும், ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற கட்டுப்பாடுகளுக்குள் எத்தனையோ நிகாஹ்கள் வீட்டு மண்டபத்தில் நடந்தன. அந்த நிகாஹ்கள் எதுவும் குறைந்து போய்விடவில்லை. அந்தத் தம்பதிகளுக்கு இன்று பிள்ளைகள் பாலர் பாடசாலைக்குப் போகின்றன. “இனி எல்லாம் இப்படித்தான், எளிமையாக” என்று அப்போது பேசியவர்களும் கட்டுப்பாடு நீங்கியதும் பெரிய மண்டபத்தைத் தேடி ஓடினார்கள். அதாவது, முடியாது என்பதால் நாம் செய்யாமல் இருக்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் சட்டத்தைவிடவும் பலமாக இருக்கிறது. ஆகவே இதை ஒரு தனிக் குடும்பத்தின் தலையில் போடுவது நியாயமில்லை. முதலில் மாற வேண்டியவர் கடன்பட்டுக் கலியாணம் செய்பவர் அல்லர். ஊரில் எல்லோரும் பார்த்துப் பின்பற்றும் வர்த்தகர், வைத்தியர், பள்ளிவாசல் தலைவர், வெளிநாட்டில் உழைத்து வந்தவர் ஆகியோரின் வீட்டுக் கலியாணங்களில்தான் இது தொடங்க முடியும்.

“இந்த நாட்டில் எல்லாச் சமூகத்தவரும் குப்பை போடுகிறார்கள். ஏன் எங்களை மட்டும் சொல்ல வேண்டும்?” என்று ஒரு கேள்வி வரும். 2019க்குப் பிறகு எமது உடையும், உணவும், ஜனாஸாவும்கூட விசாரணைக்கு உள்ளான நாட்டில் அந்தக் கேள்வியின் வலி எனக்கு விளங்காமல் இல்லை. பெரும்பான்மைச் சமூகத்தின் கண்ணில் நல்லவர்களாகத் தெரிவதற்காக இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காரணத்துக்காகச் செய்பவை நீடிப்பதும் இல்லை. அஷ்ரப் நகரிலும், புத்தளத்திலும், அக்குறணையிலும் விளைவை அனுபவிப்பவர்கள் எம்மவர்கள் என்பது மட்டுமே போதுமான காரணம். யானையும் அல்லாஹ்வின் படைப்புத்தான் என்பது அதற்கு மேலும் ஒரு காரணம்.

பள்ளிவாசல்களுக்கு இதில் கையில் கிடைக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நிகாஹ் பேச்சுடன் குடும்பங்கள் முதலில் வந்து நிற்பது பள்ளிவாசல் நிர்வாகத்திடம். கடிதம் கொடுக்கும்போது சமையல் எத்தனை பேருக்கு, மிச்சம் யாருக்கு என்று இரண்டு கேள்விகளைக் கேட்பது பெரிய வேலையல்ல. பல பள்ளிவாசல்களிலும் ஜனாஸா நலன்புரிச் சங்கங்களிலும் சஹன்களும், பாய்களும், பெரிய சட்டிகளும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றோடு ஆயிரம் எவர்சில்வர் குவளைகளையும், நான்கு பெரிய தண்ணீர்க் கொள்கலன்களையும், கைகழுவும் பாத்திரங்களையும் சேர்த்து வாங்கிக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தால், ஒரு வருடத்தில் ஓர் ஊர் எறியும் போத்தல்களின் தொகை எவ்வளவு குறையும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஸதகா ஜாரியா என்று தண்ணீர்த் தாங்கி கட்டிக் கொடுக்கும் செல்வந்தர்களுக்கு இதையும் சொல்லிப் பார்க்கலாம்.

உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு இதைவிடக் கனமானது. 2023 மார்ச் முதல் இரண்டு வருடங்களுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கிய இந்த மன்றங்களுக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. தெரிவான உறுப்பினர்கள் ஊரின் பெரும்பாலான கலியாணங்களில் முன்வரிசையில் இருப்பவர்கள். மண்டபத்தின் முன்வாசலை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மண்டபங்களுக்கு வருடாந்த அனுமதிப்பத்திரம் கொடுப்பது அவர்களின் சபைதான். உணவுக் கழிவையும் பிளாஸ்டிக்கையும் பிரித்துக் கொடுக்காத மண்டபத்தின் கழிவை ஏற்றுவதில்லை என்று ஒரு நிபந்தனை போடவும், பிரித்துக் கொடுக்கும் உணவுக் கழிவைப் பசளையாக்கவும் சபைக்குச் சட்டம் தடையாக இல்லை. பள்ளக்காட்டுக்குப் போகும் பையில் சோறும் பொலித்தீனும் ஒன்றாகப் போகாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மின்வேலி மீதிப் பாதி.

பெருநாள்கள் முடிந்ததும் கலியாணங்கள் வரிசை கட்டும். மண்டபங்கள் ஆறு மாதத்துக்கு முன்பே பதிவாகிவிடும். சமையற்காரரிடம் முற்பணம் கொடுக்கும் நாளில்தான் சஹனின் கனமும், போத்தலின் தொகையும், விரிப்பு என்னவென்பதும் தீர்மானமாகின்றன. மாப்பிள்ளையும் பெண்ணும் அந்தப் பேச்சுக்குக் கூப்பிடப்படுவதே இல்லை. மாமாமார்தான் பேசி முடிக்கிறார்கள். இந்த வருடம் கலியாணம் செய்ய இருக்கும் பிள்ளைகள் அந்த ஒரு நாளைக்கு மட்டும் வாப்பாவோடு கூடப் போகட்டும்.